ஏலக்காய்க் குடோனில் ஐந்து மணி மிஸ்டு கால்

எனக்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா நடந்தபோது வயது முப்பத்து மூன்று. இதில் என் பங்கு எதுவும் இல்லை. மதுரை அலுவலகத்தில் எங்கள் பிரிவுத் தலைவர் ஞானதுரை சார் ஓய்வு பெற்ற அதே வாரத்தில் நானும் வேலையை விட்டேன். இரண்டு பேருக்காக இரண்டு முறை கேசரி கிண்ட வேண்டுமா என்று நிர்வாகம் யோசித்து, ஒரே பேனரில் இருவர் படத்தையும் போட்டு, மேலே 'பணி ஓய்வுப் பாராட்டு விழா' என்று அச்சடித்துவிட்டது. வாழ்நாள் முழுவதையும் இத்துறைக்கு அர்ப்பணித்தவள் என்று ஒருவர் என்னைப் பற்றிப் பேசினார். சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் இருக்கும் என் அம்மா அந்தப் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப ஒனக்குப் பென்சன் வருமாடி?" என்று கேட்டார்.

பென்சன் வரவில்லை. ஆனால் அனுபவத்தை எழுதும் உரிமை வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எழுதத் தூண்டியது ஷாலினி. என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண். போன வாரம் போன் செய்து, "அக்கா, கம்ப்யூட்டர் படத்துல எல்லா மாடியும் பச்சையா இருக்கு. சிக்னல் சூப்பரா வரணும். கஸ்டமர் வரலேன்னு கத்துறாரு" என்றாள். எப்போது அளந்தாய் என்று கேட்டேன். "அளக்கலக்கா. பில்டிங் பிளான் அனுப்புனாங்க, சாஃப்ட்வேரே போட்டுக் குடுத்துருச்சு." இப்போதெல்லாம் அப்படித்தான். நான் வேலையை விட்டதற்கும் அதுதான் காரணம். இனி யாரும் கட்டடத்துக்குப் போக வேண்டாம், சென்னையில் உட்கார்ந்து படம் வரைந்தால் போதும் என்றார்கள். எனக்கு உட்கார்ந்தால் தூக்கம் வரும்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக: செல்போன் டவரின் சிக்னல் தெருவரை ஒழுங்காக வரும். கனத்த சுவரையும் இரும்புக் கூரையையும் கண்டால் வாசலிலேயே நின்றுவிடும். அதை உள்ளே கொண்டுபோவதற்காக, கட்டடத்தின் ஓர் அறையில் சிக்னலை வாங்கி, வெளிச்சமாக மாற்றி, தலைமுடி கனமே உள்ள கண்ணாடி இழைக்குள் விட்டு, ஒவ்வொரு தளத்துக்கும் அனுப்புவோம். அங்கே ஒரு பெட்டி அந்த வெளிச்சத்தை மறுபடியும் சிக்னலாக்கும். அது கூரையில் கவிழ்த்துவைத்த கிண்ணம் போன்ற ஆன்டெனாக்கள் வழியாக வெளியே வரும். செப்புக் கம்பியில் அனுப்பினால் தூரம் போகப் போகச் சிக்னல் களைத்துவிடும். இழையில் களைக்காது. இதை அப்பாவிடம் விளக்கியபோது, "தண்ணிய ஆவியாக்கி மாடிக்கு அனுப்பி, அங்க போயி மறுபடி தண்ணியாக்குற மாதிரியில்ல இருக்கு. கொழாய் போட்டா போதாதா?" என்றார். அதன் பிறகு நான் வீட்டில் எதையும் விளக்கவில்லை.

படிப்பையும் பயிற்சியையும் ஒரே பத்தியில் முடித்துவிடலாம். மதுரையில் நான்கு வருடம் படித்தேன், சென்னையில் சில மாதம் வணிக வளாகங்களின் கூரைகளை அண்ணாந்து பார்த்தேன். கற்றுக்கொண்டவை மூன்று. இழையின் நுனியைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது, உள்ளே ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மட்டும் கெடுக்கும். ஏணியில் ஏறும் முன் கீழே பிடிப்பவரின் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும், விழும்போது கூப்பிட உதவும். மூன்றாவது, பிளக்கின் மேல் 'கழற்றாதீர்கள்' என்று எழுதி ஒட்டினால் முதலில் அதைத்தான் கழற்றுவார்கள். கேரளப் பக்கத்து மலைச் சரிவில் ஒரு விடுதியில் எங்கள் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தினமும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார் பிஜு சேட்டன். கேட்டால், "அது வெறுதே இரிக்கயல்லே, சேச்சி" என்றார். பெட்டி சும்மாதானே இருக்கிறது என்பது அவர் வாதம். அது சும்மா இல்லை என்பதை நிரூபிக்க எனக்கு அரை நாள் ஆனது.

இனி ஞானதுரை சார்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிறவர்களிடம் ஒரு வசதி உண்டு, கத்தி முடித்தால் விஷயம் முடிந்துவிடும். இவர் கேள்வி கேட்பார். யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி: "பாத்தியா, நெனச்சியா?"

"சார், மூணாவது மாடிப் பெட்டி வேலை செய்யலை."

"பாத்தியா, நெனச்சியா?"

"லைட்டு எரியலை சார்."

"லைட்டு எரியலைங்கறதப் பாத்த. பெட்டி வேலை செய்யலைங்கறத நெனச்ச. போயிப் பாரு."

போய்ப் பார்த்தால் பெட்டி வேலை செய்துகொண்டிருக்கும், விளக்குதான் போயிருக்கும். ஒரு முறை லீவு கேட்கப் போனபோது, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களிடமிருந்து பதில் இல்லை, அவர்களுக்குப் பிடிக்கவில்லை போல என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதற்கும் அதே கேள்விதான். பிறகு உண்மையிலேயே பிடிக்கவில்லை என்று தெரிந்தது. அதைச் சொன்னதும் திருப்தியாகத் தலையாட்டினார்.

இழைகளின் இணைப்பு நுனியைத் துடைப்பதை அவர் யாரிடமும் விடமாட்டார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். முழுக்கையை மடிப்பார். பஞ்சு பிரியாத துணியில் ஒரு சொட்டுத் திரவம் விட்டு, நுனியை ஒரே திசையில், ஒரே முறை இழுப்பார். திரும்பத் துடைத்தால் எடுத்த அழுக்கையே திருப்பி வைக்கிறோம் என்பது அவர் கொள்கை. பிறகு சின்ன நுண்ணோக்கியில் பார்ப்பார். தூசு இருந்தால் புதுத் துணி. துணியின் அதே இடத்தை இரண்டாவது முறை பயன்படுத்தியதற்காக ஒரு டெக்னீஷியனை அவர் பார்த்த பார்வையை நான் மற்றபடி துக்க வீடுகளில்தான் கண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்கு மலைப் பாதை ஆகாது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வயிறு பிரட்டும். அதனால் போடியும் அதற்கு மேலே உள்ள எல்லாமும் என் தலையில் விழுந்தது. "ஒங்க ஊருதானம்மா" என்பார், ராசிங்காபுரத்தில் பிறந்தது நான் வாங்கி வந்த விருது போல.

போடிக் கல்யாண மண்டபம் ஒன்றில் நாங்கள் வைத்த ஆன்டெனாக்கள் முதல் முகூர்த்தத்திலேயே செத்துப்போயின. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேடை அலங்காரம் செய்த அண்ணன் ஒவ்வொன்றையும் வெள்ளி ஜிகினாத் தாளால் அழகாகப் பொட்டலம் கட்டியிருந்தார். சிக்னலை அடைத்து வைக்க அதைவிடச் சிறந்த வழியை நானே யோசித்திருக்க முடியாது.

"ஏண்ணே இப்படிப் பண்ணீக?"

"என்னாத்தா, கக்கூசுத் தொட்டி மூடி மாதிரி தொங்குது. தாலி கட்டுறப்ப வீடியோவுல விழுகுமா விழுகாதா?"

பேச்சுவார்த்தையில் ஜிகினாவுக்குப் பதிலாகப் பூ என்று முடிவானது. இன்றும் அந்த மண்டபத்தில் முகூர்த்த நாட்களில் ஆன்டெனாக்கள் மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டு மணப்பெண் போல இருக்கும்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதைகள். ராஜாங்கம் ஐயாவின் குடோன் அப்படி இல்லை.

ராஜாங்கம் ஐயா ஏலக்காய் வியாபாரி. போடியிலிருந்து மலைக்குப் போகிற சாலையில் புதிதாக ஒரு கட்டடம் கட்டியிருந்தார். கீழ்த்தளத்தில் ஒரு பக்கம் மூட்டைகள் அடுக்கும் குடோன், இன்னொரு பக்கம் பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்கும் ஹால், இரண்டுக்கும் நடுவே லாரியிலிருந்து மூட்டை இறக்கும் அகலமான நடை. மேலே மாதிரிக் காய்களைப் பார்க்க வரும் வியாபாரிகளுக்கான அறைகள், அதற்கும் மேலே அவர் அலுவலகம். பொறுக்கும் ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. வெயில் பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துவிடும் என்பதால் வேண்டுமென்றே அடைத்துக் கட்டியது. வெயிலை நிறுத்திய சுவர் சிக்னலையும் சேர்த்து நிறுத்தியது.

"மேல ரெண்டு மாடிக்கும் நல்லா வேணும். குடோன் நடைக்கு வேணும்னா பாத்துக்கங்க. கீழ ஹாலுக்கு மட்டும் வேண்டாம்மா" என்றார் ராஜாங்கம் ஐயா. "கையில போனு வந்துருச்சுன்னா கண்ணு காயில நிக்காது. பச்சையும் வெளுத்ததும் வெடிச்சதும் ஒண்ணாக் கலந்து போகும். அப்புறம் வடக்க இருந்து வாங்குறவன் என்னயத்தான் ஏசுவான்."

அது அவர் பக்கத்து நியாயம். குறித்துக்கொண்டேன். பிறகு அளக்கும் போனைக் கையில் ஏந்தி, ஹாலுக்குள் அடி அடியாக நடந்தேன். வரிசை வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு நிமிடம் பார்த்தார்கள்.

"ஏ ஆத்தா, குறி சொல்ற கோடாங்கி மாதிரி என்னத்தத் தேடுற?" என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர்.

"சிக்னலு தேடுறேன்."

"கெடச்சா எங்களுக்கும் ஒரு படி அளந்துட்டுப் போ."

ஹால் சிரித்தது. கேட்டவர் பெயர் பேச்சியம்மா, பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர். அவர் சிரிக்கவில்லை. நான் ஒரு சுற்று முடித்து அவர் பக்கம் வந்தபோது, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

விஷயம் இதுதான். இந்தப் பெண்களின் வீட்டில் யாராவது ஒருவர் காலையில் ஜீப்பில் மலையேறித் தோட்ட வேலைக்குப் போகிறவராக இருப்பார். கணவர், தங்கை, மகள். ஜீப்பு ஏற்றிக்கொள்ளக் கூடிய ஆட்களைவிட எப்போதும் கூடுதலாகத்தான் ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் வளைவுகளில் இறங்கி, அடிவாரத்தில் முந்தல் என்ற ஊரை எட்டியதும், ஜீப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் அவரவர் ஆளுக்கு ஒரு மிஸ்டு கால் விடுவார்கள். யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் பேச வேண்டும், பேசினால் வேலை கெடும். மணி அடித்தால் போதும், இறங்கியாகிவிட்டது என்று அர்த்தம். இப்போது பேசுவதற்குத் தனிக் காசு ஆகாது என்றாலும் வழக்கம் மாறவில்லை. பழைய தகரக் கொட்டகையில் வேலை நடந்த காலத்தில் ஐந்து மணி வாக்கில் மடிகளும் சோற்றுப் பைகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கும் என்றார்.

"எங்கக்கா போன ஜீப்பு ஒரு வளைவுல பள்ளத்துக்குள்ள எறங்கிருச்சு. வருசமாச்சு. அப்ப இந்த மிஸ்டு கால் பழக்கமெல்லாம் கெடையாது. நான் விடிய விடிய வருவா வருவான்னு சோத்த மூடி வச்சிருந்தேன். அதுக்கப்பறம்தான் எல்லாரும் இத வச்சுக்கிட்டோம்." ஒரு வெடித்த காயைத் தனியே போட்டார். "இப்ப எம்மக சுகன்யா போறா. அவ எறங்குனது தெரியாம எனக்குக் கை ஓடாது. இந்தக் கெணத்துக்குள்ள டவரு இல்லாம இப்படியே இருந்துச்சுன்னா நான் சோலிய விட்டுட்டு அவகூடவே ஜீப்புல ஏறிருவேன். வுழுந்தா ரெண்டு பேரும் வுழுகுறோம்."

நான் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. அன்று மாலை ஞானதுரை சாரிடம் போனில் வரைபடத்தைப் படித்துக் காட்டினேன்.

"கீழ நடையில எதுக்கும்மா ஒரு ஆன்டெனா?"

"மூட்டை எறக்குற எடம் சார். சூப்பர்வைசர் அங்கதான் போனோட நிப்பாரு."

"பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தேன் சார்."

பார்த்தேன்தான். சூப்பர்வைசர் அங்கேதான் நின்றார். ஹாலின் பெரிய வாசல் அந்த நடையைப் பார்த்துத் திறந்திருந்ததையும் பார்த்தேன். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

பங்குனியில் வேலை முடிந்தது. சீசன் இல்லாத நேரம், புது மூட்டை வராது, மிச்சக் காயைப் பொறுக்குவது மட்டும்தான், வெரசா முடித்துவிடலாம் என்று ராஜாங்கம் ஐயாவே சொன்ன மாதம் அது. நடையில் வைத்த ஒற்றை ஆன்டெனாவிலிருந்து கிளம்பிய சிக்னல் காலியாகக் கிடந்த குடோன் சுவர்களில் மோதி, திறந்த வாசல் வழியாக ஹால் முழுவதும் பரவியது. நான் அளந்தேன், சார் சரிபார்த்தார், ஐயா கையெழுத்துப் போட்டார். அன்று ஐந்து மணிக்குப் பேச்சியம்மாவின் மடியில் மணி அடித்தது. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார். மேலே ஏசி அறையில் இருந்த ஐயாவுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசியில் அவரிடமிருந்து சாருக்குப் போன் வந்தது. பொறுக்கும் பெண்கள் தினமும் சாயங்காலம் வேலையை அப்படியே போட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்விடுகிறார்கள், உச்ச சீசனில் காய் தேங்குகிறது, கேட்டால் டவரை நிறுத்திவிட்டீர்கள் என்கிறார்கள், உடனே வாருங்கள்.

குடோன் வளைவுகளுக்குக் கீழே, சமவெளியிலேயே இருப்பதால் ஞானதுரை சாரும் வந்தார். தேனியில் இறங்கி போண்டா வாங்கிக்கொண்டார். நடைக்குள் நுழைந்ததும் ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. பங்குனியில் நான் கைவீசி நடந்த நடையில் இப்போது பக்கவாட்டாகத்தான் போக முடிந்தது. ஹால் வாசலில் ஓர் ஆள் நுழையும் அளவு சந்து மட்டும் விட்டுவிட்டு, இருபுறமும் கூரை வரை மூட்டைகள்.

சார் எதையும் நம்பாமல் முதலிலிருந்து தொடங்கினார். சிக்னலை வாங்கி வெளிச்சமாக்கும் தலைமைப் பெட்டியைப் பார்த்தார். இழையில் வரும் வெளிச்சத்தை அளந்தார், கொஞ்சம் குறைவு. மோதிரம் சட்டைப் பைக்குப் போனது. நுண்ணோக்கியில் பார்த்தால் நுனியில் ஏலக்காய்த் தோலின் துகள் ஒன்று, பாறை போலத் தெரிந்தது. துடைத்தார், வெளிச்சம் சரியானது. அப்படியும் ஹாலில் சிக்னல் வரவில்லை. ஆன்டெனாவுக்கு நேர் கீழே போனைப் பிடித்தேன், முழுச் சிக்னல். சந்துக்குள் பக்கவாட்டாக நுழைந்து மூட்டைகளைத் தாண்டினேன், பூஜ்யம்.

"மூட்டைதான் சார்."

"பாத்தியா..."

"இந்தப் பக்கம் நின்னு பாத்தேன், அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். நடுவுல வேற ஒண்ணும் இல்ல."

காய்ந்த காயானாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கும். ஒரு மூட்டை ஒன்றும் செய்யாது. வரிசை மேல் வரிசையாகக் கூரை தொட அடுக்கினால் சிக்னலுக்கு அது இன்னொரு மலை. ஒரு முதலாளி, ஒரு பொறியாளர், ஒரு பிரிவுத் தலைவர் மூன்று பேரும் சேர்ந்து, ஏலக்காய்க் குடோனை ஏலக்காய் இல்லாத மாதத்தில் அளந்து, மிகச் சிறப்பு என்று கையெழுத்துப் போட்டிருந்தோம்.

ராஜாங்கம் ஐயா கீழே இறங்கி வந்தார். பேச்சியம்மாவும் இன்னும் நாலைந்து பேரும் சந்து வழியாக வெளியே வந்து நின்றார்கள்.

"சீசன் வரைக்கும் குடுத்துப்புட்டு, சோலி கூடுன நேரம் பாத்து டவர அமத்திப்புட்டீகளே மொதலாளி, நல்லாருக்கா?" என்றார் பேச்சியம்மா.

"நான் எங்கிட்டு அமத்துனேன்? குடுத்தாத்தான அமத்த. ஹாலுக்கு நான் குடுக்கவே இல்லையே."

"அப்ப ஆறேழு மாசமா அடிச்சது என்ன, கோயில் மணியா?"

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். "நான் வேணாம்னு வெரல நீட்டிச் சொன்ன எடம் அது. ஒங்க புள்ள எம் பேச்ச மீறி வச்சிருக்கா?"

சார் போண்டாப் பொட்டலத்தை மெதுவாக மடித்தார். "ஐயா, ஆன்டெனா நடையிலதான் இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்ட படத்துலயும் நடையிலதான் இருக்கு. இங்கருந்து சிக்னல் எந்தப் பக்கம் போகணும்னு அதுக்கு நாம சொல்லிக் குடுக்க முடியாது."

"அப்ப இதச் சரி பண்ண வேண்டாம். இப்படியே கெடக்கட்டும்" என்றார் ஐயா. "முற்றத்துக்குப் போறவுகள நான் பாத்துக்கிறேன். நாளையிலருந்து அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவுக அப்படியே வீட்டுக்குப் போயிறலாம்."

மணி ஐந்தை நெருங்கியிருந்தது. பேச்சியம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு நடந்தார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் சந்து வழியாக ஒவ்வொருவராக வந்து பின்னால் போனார்கள்.

மழை பெய்துகொண்டிருந்தது. பெண்கள் காலிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளி, கொங்காணியாக்கித் தலையில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு போன் அடித்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு மணிக்கும் ஒருத்தி மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு ஜீப்பு இறங்கியாயிற்று, அடுத்தது இறங்கியாயிற்று. ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வந்துருச்சுல்ல, வந்துருச்சுல்ல. வந்தவுக உள்ள போங்க."

யாரும் அசையவில்லை.

"என்ன, ஒங்களுக்குத்தான் அடிச்சிருச்சே."

"பேச்சிக்கு அடிக்கலயே மொதலாளி" என்றார் ஒருவர்.

சுகன்யா வரும் ஜீப்பு மட்டும் இன்னும் இறங்கவில்லை. அதே ஜீப்பில் வர வேண்டிய இன்னும் மூன்று பேருக்காக நின்றவர்களும் பேச்சியம்மாவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். மேற்கே மலை தெரியவில்லை, மேகம் மட்டும்தான். பேச்சியம்மா போனை முந்தானைக்குள் பொத்தி, மழை படாமல், முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டிருந்தார். கண் சிமிட்டவும் மறந்துவிட்டார்.

ஐயா தன் போனை எடுத்தார். மலைமேல் இருக்கும் தெரிந்தவருக்கு அடித்தார், கிடைக்கவில்லை. இன்னொருவருக்கு அடித்தார். முந்தலில் டீக்கடை வைத்திருப்பவருக்கு அடித்து, கையால் காதைப் பொத்திக்கொண்டு பேசினார். பேசி முடித்துப் பேச்சியம்மாவிடம் வந்தார்.

"மரம் வுழுந்து கெடக்காம். ஜீப்பு அதுக்கு மேல நிக்கிதாம். ஆளுக நல்லாருக்காக."

"ஆரு பாத்தது?" என்றார் பேச்சியம்மா.

டீக்கடைக்காரருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், அவருக்குச் சொன்னவருக்கும் யாரோ. என் பக்கத்தில் ஞானதுரை சார் நின்றிருந்தார். தன் கேள்வியை இன்னொருவர் கேட்டு அவர் அன்றுதான் கேட்டிருப்பார். தலையைக் குனிந்துகொண்டார்.

ஐயா குடையைப் பேச்சியம்மாவின் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. அதெல்லாம் நடக்கவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை. வேட்டி நனைய அங்கேயே நின்றார். பொழுது இருட்டத் தொடங்கியபோது அவர் மகன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, வியாபாரி காத்திருப்பதாகச் சொன்னான். "இருக்கச் சொல்லு" என்றார்.

முதலில் அடித்தது பேச்சியம்மாவின் போன். ஒரு தடவை முழுதாக, அடுத்தது பாதி, அவ்வளவுதான், நின்றுவிட்டது. உடனே பக்கத்தில் மூன்று போன்கள். பேச்சியம்மா திரையைப் பார்த்தார். எடுக்கவில்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. சாக்கைத் தலையிலிருந்து கழற்றிப் பிழிந்தார். "சனியன். வரட்டும், இன்னைக்கு இருக்கு அவளுக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

பெண்கள் கலைந்தார்கள். ராஜாங்கம் ஐயா குடையை மடக்கினார். என்னைப் பார்க்காமல் கேட்டார், "ஹாலுக்கு என்ன வேணும்?"

"ஒரு பெட்டி, கூரையில நாலு ஆன்டெனா ஐயா."

"காய் கலந்து போச்சுன்னா ஒங்க சாரு வந்து பிரிப்பாரா?"

"வந்து பிரிக்கிறேன்யா" என்றார் ஞானதுரை சார். "எனக்கும் ரிட்டயர்மென்டு பக்கத்துல இருக்கு. சோலி வேணும்ல."

மறுநாள் காலை மதுரையிலிருந்து பெட்டி வந்தது. தலைமைப் பெட்டி இருக்கும் அறையிலிருந்து ஹாலுக்கு ஓர் இழை போட வேண்டும், மூட்டைகளை நகர்த்தாமல் எப்படிப் போடுவது என்று சார் கவலைப்பட்டார். நான் ஏணியில் ஏறி, ஹால் கூரையின் ஓரத்தில் சுருட்டிக் கட்டிவைத்திருந்த இழைச் சுருளை அவிழ்த்துக் கீழே விட்டேன். சார் அதைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்பம்மா போட்ட?"

"பங்குனியில சார்."

"எதுக்கு?"

"டிசைன்லயே இருந்துச்சு சார்."

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. மோதிரத்தைக் கழற்றினார்.

அந்த ஹாலில் இழையை ஒட்டுவதுபோல் சிரமமான வேலை எனக்கு அதற்குப் பிறகு அமையவில்லை. பெண்கள் காயைப் புடைக்கப் புடைக்கக் காம்பும் தோலும் காற்றில் பறக்கும். இரண்டு இழை நுனிகளையும் உருக்கி ஒட்டும் இயந்திரத்துக்குள் ஒரு துகள் விழுந்தாலும் ஒட்டு கெட்டுவிடும். சார் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைத் தன் தலைக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்துக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வேலை பார்த்தார். "என்னாத்தா, ஒங்க சாருக்கு ஆவி புடிக்கிறீகளா?" என்று கேட்டார்கள். பைக்குள்ளிருந்து, "சளி இல்லம்மா, தூசி" என்று பதில் வந்தது. அவருக்கு வேர்த்து ஊற்றியது. முதல் ஒட்டுக் கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவது நின்றது.

இந்த இடத்தில் ஷாலினிக்கு ஒரு வரி. கட்டடத்தை மட்டும் அளக்காதே. அதில் என்ன நிரம்பும், எந்த மாதத்தில் நிரம்பும் என்று கேள். பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைகள் இருக்கும்போது போ, ஜவுளிக்கடை என்றால் தீபாவளிக்கு முந்தின வாரம் போ. கம்ப்யூட்டருக்கு ஐப்பசி தெரியாது.

மாலையில் கடைசி அளவு எடுத்தேன். இந்த முறை மூட்டைகள் கூரை வரை இருக்க, ஹாலில் ஆட்கள் நிறைந்திருக்க, மூலை மூலையாக. எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. கையெழுத்து வாங்க மேலே போகலாம் என்று சார் கூப்பிட்டார். ஐந்து ஆகட்டும் சார் என்றேன். அவரும் வந்து ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்தார்.

அன்று மழை இல்லை. முதல் மணி கடைசி வரிசையில் அடித்தது. பிறகு நடுவில் இரண்டு. அதன் பிறகு எங்கே அடிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. கைகள் நிற்கவில்லை. பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். நான் ஏணியின் நடுப்படியில், கழுத்தை ஒடித்துக் கூரையில் நாலாவது ஆன்டெனாவைப் பார்த்தபடி நின்றிருந்தேன், அதுதான் பேச்சியம்மாவின் வரிசைக்கு மேலே இருந்தது.

அவர் மடியில் மணி அடித்தது. ஒரு தடவை, அப்புறம் பாதி. பேச்சியம்மா முறத்தைச் சாய்த்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து மடியில் போட்டார். அடுத்த கை காயை அள்ளினார்.

"எறங்கிட்டா" என்றார். "நீயும் எறங்கு ஆத்தா. ரொம்ப நேரமா அண்ணாந்தே நிக்கிற, கழுத்து சுளுக்கிரும்."